கடைசி வாசலின் எண்

ஒலிபெருக்கியை வாயோடு ஒட்டிப் பிடித்தால் சொல் நசுங்கிவிடும், ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏழு மாடிக்குக் கீழே நின்றுகொண்டு கத்துகிறாள். மின்கழிவு வண்டி பகல் பன்னிரண்டு மணி வரைதான் நிற்குமாம், பழைய டிவி, உடைந்த மிக்ஸி, செத்துப்போன செல்போன் எல்லாவற்றையும் கொடுத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டுமாம். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு ஓடுகிறவனை நிற்கவைத்த குரல் என்னுடையது, சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போவான், இவள் பேச்சுக்கு ஒரு நாய்கூட நிற்கவில்லை. இல்லை, நாய் நிற்கிறது. வண்டிச் சக்கரத்தை மோந்து பார்க்கிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி இருக்கிறது, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வந்த பெட்டி, நீல எழுத்து போட்டது, அதற்குள் என் ஸ்பெக்ட்ரம், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், இருக்கிறது. காலையில் ஆபீஸ் போகும்போது என் மகள் ஸோயா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பரணில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே காவல்காரன் பிபினைப் பார்த்துக் கையை ஆட்டினேன், பெட்டியைக் காட்டினேன், மேலே கொண்டுவா என்று இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். அவன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். அஸ்ஸாமிலிருந்து வந்தவன், நல்ல பையன், தமிழில் தண்ணி, லிப்ட், பார்சல் என்று மூன்று சொல் தெரியும். தொழிற்சங்க மேடையேறினால் வாயைத் திறக்குமுன் கைதட்டு வாங்கியவன் நான், இன்று எனக்கு வாய்த்த கூட்டம் ஒரே ஒருவன், அவனுக்கும் என் பாஷை தெரியாது. இறங்கிப் போகலாம் என்றால் வாசலில் இரும்புக் கிரில், கிரிலில் எண் பூட்டு. நாலு சக்கரம் வைத்தது, எண் ஸோயாவுக்கு மட்டும் தெரியும். திருடனுக்காகப் போட்டது என்கிறாள். திருடன் உள்ளேயா இருக்கிறான்? போன் இருக்கிறது, எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவாள். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வராது. நான் கோரிக்கை வைத்தவன், மனு போட்டவன் இல்லை.

போன மாதம் நான் தொலைந்துபோனதாக ஒரு கதை இந்த வீட்டில் உலாவுகிறது. நான் தொலையவில்லை. பஸ் பிடித்து அம்பத்தூர் போனேன், நான் வேலை பார்த்த பம்பு கம்பெனி வாசலில் இறங்கினேன், கம்பெனி இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றது, அதற்குள் ஏறுகிற படிக்கட்டும் நகர்ந்தது. தொலைந்தது கம்பெனிதான். எந்தப் பக்கம் திரும்பினால் ரயில்வே கேட் வரும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன், கொஞ்சம் அதிகமாக நின்றிருப்பேன், ஒரு போலீஸ்காரன் வந்து தாத்தா வீடு எங்கே என்றான். போலீஸ்காரன் என்னைத் தாத்தா என்கிறான். அந்தக் காலத்தில் அவனுடைய இன்ஸ்பெக்டர் என்னை மாசிலாமணி சார் என்று கூப்பிட்டுத்தான் வேனில் ஏற்றுவார். அன்று மாலையே கிரிலில் பூட்டு விழுந்தது. மாப்பிள்ளை புனேயில் வேலை, ஸோயாவுக்குப் பகல் முழுக்க ஆபீஸ், நான் இந்த மூன்று அறைக்குள் நடக்கிறேன், ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையல்கட்டு, சமையல்கட்டில் அடுப்பைத் தொடக்கூடாது. மேலே பரணில் அது இருந்தது என்பதால் இதையெல்லாம் சகித்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. எடுத்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது, ஆனாலும் இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சட்டைப்பைக்குள் ஒரு கடிதாசு இருக்குமே, எடுத்துக்காட்ட வேண்டியதே இல்லை, இருந்தால் போதும், அந்த மாதிரி.

மச்சான் ஞானசேகர் கப்பலில் வேலை பார்த்தான், சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி மகளுக்கென்று அதைக் கொண்டுவந்தான். என் மனைவி தனபாக்கியம் பெட்டியைத் திறந்துவிட்டு, "இதென்ன, ஸ்லேட்டா? மூடி மட்டும் கொடுத்துட்டானா?" என்றாள். அவ்வளவுதான் அது, ஒரு கறுப்புப் பலகை, அதில் சாம்பல் நிற ரப்பர் விசைகள், மூலையில் வானவில்லாக நாலு கோடு. அழுத்தினால் இறந்தவனின் விரலை அழுத்துவதுபோல இருக்கும் என்று ஒரு தடவை சொன்னேன், ஸோயா அன்று சாப்பிடவில்லை. டிவியில் ஒரு வயர், டேப்ரிக்கார்டரில் ஒரு வயர். விளையாட்டு கேசட்டில் இருக்கும், கேசட் ஓடினால் கீயென்று ஒரு சத்தம், பிறகு ஆயிரம் தறி ஒரே நேரத்தில் ஓடினதுபோல ஒரு கரகரப்பு, திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடும் என்றான் மச்சான், எங்கள் வீட்டு டிவியில் அதுவும் சாம்பல், இதுவும் சாம்பல். சத்தத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும், கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது, சரியான இடத்தில் தனபாக்கியத்தின் நெயில் பாலிஷால் ஸோயா ஒரு புள்ளி வைத்திருந்தாள். அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று சங்கம் துண்டறிக்கை போட்டது, எழுதியவன் நான், எட்டாம் வகுப்போடு நின்றவன், மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தேன், உபரி என்ற சொல்லையும் சுரண்டல் என்ற சொல்லையும் அச்சு மை காயாத தாளில்தான் முதலில் பார்த்தேன். தோழர்கள் வீட்டுக்கு வந்தால் கிண்டல் பண்ணுவார்கள். "ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஒழிகன்னு நோட்டீஸ், வீட்ல நடுக்கூடத்துல கம்ப்யூட்டர்." "ஒழிகன்னா முதல்ல பிடிக்கணும்ல. பிடிச்சிட்டேன், வயர் போட்டுக் கட்டிவெச்சிருக்கேன்." அருளப்பன் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். சங்கத் தலைவன் அருளப்பன், என்னைவிட நல்ல பேச்சாளன், அதை உயிரோடு இருந்தபோது அவனிடம் நான் சொன்னதில்லை.

கதவடைப்பு வந்த வருஷம்தான் அந்த விளையாட்டு. கம்பெனி கேட்டில் நிர்வாகம் சங்கிலி போட்டது, நாங்கள் வெளியே பந்தலுக்கடியில் உட்கார்ந்தோம், என் முறை முடிந்தால் வீட்டுக்கு வருவேன், வீட்டு டிவியில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கைதி, அவரைக்கொட்டை அளவு மனிதன், நடக்கும்போது கால் கத்தரிக்கோல் மாதிரி போகும். அறை அறையாகத் தப்பிக்க வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, தரையில் முள், கூரையிலிருந்து சொட்டும் ஏதோ ஒன்று, இரண்டு காவலாளிகள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார்கள், ஓய்வே கிடையாது, எட்டு மணி நேர வேலை என்பது அவர்களுக்கு வந்து சேரவில்லை. என் விரல் மோல்டிங் பிரிவில் காய்த்த விரல், ஒரு விசையைத் தொட்டால் மூன்று விசை அழுந்தும், ஆகவே நான் சொல்வேன், ஸோயா அழுத்துவாள். இடது, இடது, நில், குதி, இப்ப. பதினொரு வயசு. நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தனபாக்கியம் ஜன்னலோரம் வயர் கூடை பின்னிக்கொண்டிருப்பாள், அந்தக் கூடைதான் அப்போது அடுப்பெரித்தது, நிமிராமலே சொல்வாள், "வெளிய போனாலும் கேட்டு முன்னாடி உக்காந்திருக்கீங்க, வீட்டுக்கு வந்தாலும் கேட்டு முன்னாடிதான். எந்தக் கேட்டாவது தொறக்குமா?" கடைசி அறையில் ஒரு பெரிய வாசல். வாசலில் நாலு கட்டம். நாலு எண் போட்டால்தான் திறக்கும், அந்த எண் கேசட்டோடு வரும் ஒரு தாளில் அச்சடித்திருக்குமாம், எங்களிடம் இருந்தது மச்சான் யாரிடமோ காப்பியடித்து வாங்கின கேசட். தாள் கிடையாது. காசு கொடுத்து வாங்கினவனுடைய கைதிக்கு மட்டும் விடுதலை. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அந்த விளையாட்டின் மேல் பிரியம் வந்துவிட்டது, வர்க்கம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. எல்லா எண்ணையும் போட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஒரு எண் போட்டுத் தவறினால் கைதி அந்த அறையின் தொடக்கத்துக்குப் போய்விடுவான், திரும்ப நடத்திக் கூட்டிவர வேண்டும். போட்டுப் பார்த்த எண்களை மிச்சமான துண்டறிக்கைகளின் முதுகில் குறித்தேன். முன்பக்கம் வெற்றி நமதே, பின்பக்கம் தோற்றுப்போன எண்கள். என் வாழ்க்கையில் அந்த மாதங்களைப் போல மாதங்கள் இல்லை. சம்பளம் இல்லை, சோறு ஒரு வேளை, ஆனால் என் மகளும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரு வாசலை இடித்துக்கொண்டிருந்தோம். யாரும் கொடுக்காத ஒன்றை யாரையும் கேட்காமல். கீழே அந்தப் பெண் இன்னும் கத்துகிறாள், இன்னும் ஒரு மணி நேரம்தானாம். எதற்கு ஒரு மணி நேரம்? ஆமாம், பெட்டி.

வாசல் கடைசியில் திறந்தது. திறந்ததும் திரை கறுத்தது, மெஷின் கேசட்டிலிருந்து அடுத்த பகுதியைக் கேட்டது, கேசட் ஓடியது, ஒன்றும் வரவில்லை. ஸோயா திரும்பத் திரும்ப எண்ணைப் போட்டாள், திரும்பத் திரும்பக் கறுப்பு. சந்தேகப்பட்டு நான் வயரைப் பிடுங்கினேன், டேப்ரிக்கார்டரிலிருந்து அருளப்பன் பேசினான். "தோழர்களே, கதவைப் பூட்டினவன் அவன். சாவியும் அவன்கிட்ட. ஆனா உள்ள இருக்கிற மெஷின் ஓடணும்னா அவன் நம்மளத்தான் கூப்பிடணும்." பந்தலில் பேசியதைப் பதிவு பண்ண கேசட் வேண்டும் என்று யாரோ வந்து கேட்டபோது தனபாக்கியம் அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கோட்டைக்கு வெளியே இருந்த ஊர், ஆறு, மரம், என்னவோ, அது முழுக்க அழிந்து அந்த இடத்தில் அருளப்பன் நின்றான். ஸோயா அழுதாள். நான் சிரித்தேன். சிரித்தது தப்பா? பிறகு அருளப்பன் மஞ்சள் காமாலையில் போனான், கதவடைப்பு முடியுமுன்பே. கேட்டு முன்னால் இரங்கல் கூட்டம், அவனுடைய குரலைப் போட வேண்டும் என்றார்கள், இருந்தது அந்த ஒரு கேசட்தான். நான் பேச்சுக்கு நேராகச் சுற்றி வைத்துக் கொடுத்தேன், மைக் செட்காரன் நல்லபடியாக வேலை செய்கிறேன் என்று முதலிலிருந்து ஓடவிட்டான். நாலு குழாய் ஸ்பீக்கரில் கோட்டை ஏறத் தொடங்கியது. கீயென்று தெரு முழுக்க, பிறகு அந்தக் கரகரப்பு. கூட்டம் தலை குனிந்து நின்றது, ஒருத்தன் நிமிரவில்லை, அஞ்சலி என்று நினைத்திருக்கிறார்கள். நான் மேடையில் ஏறி, "நிறுத்துப்பா, அது என் பொண்ணோட விளையாட்டு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த நாள், நிர்வாகம் ஏதோ கருவி வைத்துத் தலைவர் குரலைக் கெடுத்துவிட்டது என்று ஊரே பேசியது. இல்லை என்று நான் சொன்னேன், ஒவ்வொருத்தனிடமும் சொன்னேன், "நீங்க பெருந்தன்மையா பேசறீங்க தோழர்" என்றார்கள். எதிர்ச் சங்கத்துக்காரன்கூடக் கண்டனச் சுவரொட்டி ஒட்டினான். என் வாழ்நாளில் நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாக நின்ற ஒரே போராட்டம் அதுதான், அதற்கும் காரணம் ஒரு காப்பியடித்த கேசட்.

போன் அடிக்கிறது. ஸோயா. பதினோரு மணி மாத்திரைக்கான போன், இதற்கு ஹாஜர் சொல்ல வேண்டும். "மாத்திரை போட்டியாப்பா?" "போட்டேன்." "மஞ்சளா வெள்ளையா?" "ரெண்டும்." "காலைல ஒண்ணுதானே போடணும்." "அப்ப ஒண்ணு போட்டேன்." அந்தப் பக்கம் விசைகள் தடதடவென்று ஓடுகின்றன, பேசிக்கொண்டே அழுத்துகிறாள், யாரோ சொல்ல இவள் அழுத்துகிறாள், அங்கே சங்கம் கிடையாது, போன தீபாவளிக்குப் பக்கத்து மேஜைக்காரனை ஒரே ஒரு மின்னஞ்சலில் வேலையை விட்டு அனுப்பினார்கள், இவள் கேக் வெட்டி வழியனுப்பிவிட்டு வந்தாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். "பரண்ல இருந்தத யாரக் கேட்டு எடுத்த?" விசை நிற்கவில்லை. "உன்னத்தான் கேட்டேன்." "எப்ப?" "காலைல. இட்லி சாப்பிட்டுட்டு இருந்த. வண்டி வருதுப்பா, அந்தப் பழசக் கொடுத்துரலாமான்னேன். சரின்னே." "நான் சொல்லலை." "சரின்னேப்பா. தலைய வேற ஆட்டினே." நான் சொல்லவில்லை. இட்லி இருந்தது. சட்னி பச்சை நிறம். அவள் எதிரே நின்றாள், வாய் அசைந்தது, அதற்குப் பிறகு பரண் காலி. நடுவில் ஒன்றும் இல்லை, வயர் செருகியிருக்கிறது, கேசட் ஓடுகிறது, ஒன்றும் ஏறவில்லை. நிர்வாகம் இதைத்தான் சொல்லும், நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள் என்று, கையெழுத்தைக் காட்டும், கையெழுத்து நம்முடையதுபோலவே இருக்கும். "அது நம்ம ரெண்டு பேரும் விளையாடினது, ஸோயா." "ரெண்டு பேரா? நீ எங்கப்பா விளையாடினே? நீ கத்துவே, நான் அழுத்துவேன். புள்ளைங்க எல்லாம் கீழ பாண்டி ஆடும், சத்தம் மேல வரும், நான் அந்தக் கைதியக் கூட்டிட்டுக் கூட்டிட்டு வருவேன். விரல் நுனி தோல் உரிஞ்சிருச்சு, ஞாபகம் இருக்கா?" "ஜாலியாத்தானே இருந்தே." "உனக்கு ஜாலியா இருந்துச்சு. அதப் பாத்துட்டு இருந்தேன்." பிறகு சிரிக்கிறாள், என்னுடைய சிரிப்பு அது, மூக்கால் வருவது. "அதுலயும் நீ மேலேர்ந்து ஆரம்பிச்ச பாரு, ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது. முதலாளி எல்லாத்தையும் உச்சிலதான் வெப்பான்னு சொன்னே. நான் கீழேர்ந்து போலாம்னேன், கேட்டியா? நீ பந்தலுக்குப் போனப்புறம் நானா கீழேர்ந்து போட்டுக் கண்டுபிடிச்சேன்." "நாமதான் கண்டுபிடிச்சோம்." "சரிப்பா. நாமதான். கட் பண்றேன், மீட்டிங்." உடம்புக்கு முடியாதவனிடம் விட்டுக்கொடுக்கும் குரல் அது. சண்டை போட்டிருக்கலாம்.

கிரில் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பிக்கு நடுவே கையை விட்டால் பூட்டு எட்டுகிறது, குளிர்ந்திருக்கிறது, சக்கரத்தை உருட்டினால் வெற்றிலைப் பெட்டி மூடுவதுபோல ஒரு சத்தம். நேராக யோசிக்க வேண்டும். மக்கள் மறக்க முடியாத தேதியைத்தான் எண்ணாக வைப்பார்கள். கதவடைப்பு தொடங்கிய நாளை வைத்தேன், திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவளுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அருளப்பன் போன நாள். இல்லை. சம்பள உடன்படிக்கை போட்ட நாள், அதை இவள் எங்கே நினைவு வைத்திருக்கப்போகிறாள், இருந்தாலும் வைத்தேன். தனபாக்கியம் போன நாளை வைத்துவிட்டுப் பூட்டை மெதுவாக இழுத்தேன், திறந்துவிடுமோ என்றுதான் மெதுவாக, திறக்கவில்லை. ஸோயா பிறந்தநாள். பதினேழா, பத்தொன்பதா? நான் அப்போது வேலூர் சிறையில் இருந்தேன், தந்தி இரண்டு நாள் கழித்து வந்தது, தந்தி வந்த நாளைத்தான் கொண்டாடினேன், அது பிறந்தநாள் இல்லை என்று தனபாக்கியம் வருஷா வருஷம் திருத்துவாள். இரண்டையும் வைத்தேன். எந்தத் தேதியும் இவளுடையது இல்லை. நான் இவளுக்கு ஒரு சோவியத் வீரப் பெண்ணின் பெயரை வைத்தேன், நாள் நட்சத்திரம் பார்க்காமல் வைத்தேன், பெருமையாகத்தான் இருந்தேன், இவளுடைய பூட்டுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சரி. எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம். ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது. ஒன்பது ஒன்பது ஒன்பது எட்டு. ஒன்பது ஒன்பது ஒன்பது ஏழு. கீழே வண்டியில் எதையோ தூக்கிப் போடுகிறார்கள், இரும்பு இரும்பின் மேல் விழுகிறது. ஒன்பது ஒன்பது ஒன்பது. சிரிப்பு வந்துவிட்டது, அதே பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இவள் கீழேயிருந்துதானே போனாள். பந்தலிலிருந்து நான் வந்தபோது வாசலிலேயே நின்றாள், எண்ணெய் வைக்காத தலை, விரலை ஆடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள், முதலில் அம்மாவிடம் சொல்லாமல் எனக்காக வைத்திருந்து சொன்னாள், பாட்டு மாதிரி சொன்னாள். ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாள், ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள், ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு, கறுப்பு, ரெண்டு, ஏழு, நாலு, ஒண்ணு. என் விரல் உருட்டுகிறது. நான் உருட்டவில்லை.

பூட்டு திறந்துகொண்டது. கையில் அது தொங்குகிறது. தன் விரல் தோல் உரிந்தது என்கிறாள், ஜாலியாக இல்லை என்கிறாள், அந்த எண்ணையா வைத்திருக்கிறாள்? கிரிலைத் தள்ளினேன், வெளியே வந்தேன். மணி ஆகவில்லை, வண்டி இருக்கிறது, இறங்க வேண்டும், பெட்டியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். வராந்தாவில் விளக்கு வெள்ளையாக எரிகிறது, வெயில் வரும் ஜன்னல் ஒன்றும் கிடையாது, தரை வழுவழுவென்று இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். லிப்டின் தலைக்கு மேல் சிவப்பில் ஓர் எண் மாறுகிறது, நாலு, ஐந்து, நாலு. கீழே போக வேண்டுமென்றால் கீழ்ப்பக்க அம்பு. அல்லது லிப்டைக் கீழேயிருந்து மேலே கூப்பிட வேண்டும் என்றால் மேல்பக்க அம்பா? கூப்பிடுவது நான் இருக்கும் இடத்துக்கு, அது மேலே. போவது கீழே. ஸோயா எதை அழுத்துவாள்? இவளோடு வரும்போது இவள்தான் அழுத்துகிறாள், நான் பேசிக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். நாலு கதவு. ஒரே பழுப்பு நிறம், ஒரே பித்தளைக் கைப்பிடி, முன்னால் ஒரே மாதிரி இரும்புக் கிரில், எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக். எது எங்களுடையது? எங்களுடையதில் ஒரு அடையாளம் இருக்கும். இருந்தாக வேண்டும். தண்ணீர் கேன்? எல்லா வாசலிலும் தண்ணீர் கேன். அம்பத்தூர்க் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது இருந்த அதே வெளிச்சம், காதில் அதே கீயென்ற சத்தம், ஏறுவதற்கு முன்னால் வருமே, ஏறவே ஏறாமல் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் பயப்படவில்லை. லத்தி அடி வாங்கினபோது பயப்படவில்லை, தனிச் சிறையில் பயப்படவில்லை. பிறகுதான் கவனித்தேன், நாலில் ஒன்றுதான் திறந்திருந்தது. கிரில் திறந்து, உள்ளே முக்காலி. என் முக்காலி. திறந்து வைத்துவிட்டு வந்ததால் தெரிந்தது, சாத்திவிட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன், உள்ளே நுழைந்தேன், கிரிலை இழுத்தேன், கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டை மாட்டி அழுத்தினேன், சக்கரங்களைக் கலைத்தேன். நன்றாகக் கலைத்தேன்.

போன் அடிக்கிறது. "அப்பா, பிபின் போன் பண்ணான். சார் பால்கனிலேர்ந்து கைய கைய ஆட்டினாருங்கிறான். பெட்டியக் கேக்கறியா? வண்டி கெளம்பப் போகுதாம். சொல்லுப்பா, வேணுமா?" ஒரு சொல். எத்தனையோ மேஜைகளுக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ கேட்டிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களுக்கு. "மேலே கொண்டுவரச் சொல்லு," என்றேன், குரல் ஓரளவு சரியாகத்தான் வந்தது. "சரி, சொல்றேன். அவ்ளோதானே?" "இன்னொரு கோரிக்கை இருக்கு." "ம், சொல்லுங்க தோழர்." "பூட்டோட எண்ணை மாத்திரு." விசைச் சத்தம் நின்றுவிட்டது. பின்னால் யாரோ இங்கிலீஷில் ஏதோ கேட்கிறார்கள். "திறந்துட்டியா?" "திறந்தேன்." "எங்க இருக்கே இப்ப? அப்பா, எங்க இருக்கே?" "உள்ளதான்." மூச்சு கேட்கிறது. "அந்த எண்ணுதான் எனக்கு மறக்கவே மறக்காதுப்பா," என்றாள், யாரோ அவளைக் குற்றம் சொன்னதுபோல. "எனக்கும்தான். அதனாலதான் மாத்தச் சொல்றேன். எனக்குத் தெரியாததா வை." "சாயங்காலம் வந்து மாத்தறேன்." "மறந்துடாதே." "மறக்க மாட்டேன்." "சரி. மீட்டிங்குக்குப் போ."

லிப்ட் திறந்து பிபின் பெட்டியோடு வந்தான். கிரிலைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், கம்பிக்கு நடுவே அது நுழையாது என்று அவனுக்கும் தெரிந்தது. "சார், பார்சல்," என்றான். மிதியடி மேல் வைத்தான். மேடம் வரட்டும் என்பதாகக் கையைச் சாவி திருகுவதுபோலச் சுழற்றிக் காட்டினான், சல்யூட் அடித்தான், நான் திருப்பி முஷ்டியை உயர்த்தினேன், பழக்கம், அவனும் சிரித்துக்கொண்டு முஷ்டியை உயர்த்திவிட்டுப் போனான். கீழே வண்டி கிளம்புகிற சத்தம். ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது. முக்காலியைக் கம்பியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கையைத் தோள் வரைக்கும் வெளியே விட்டேன், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தேன், வயர், டேப்ரிக்கார்டரின் மூலை, ஒரு கேசட் உறை, அதற்கெல்லாம் அடியில் ரப்பர். தூசி படிந்து மாவுபோல இருக்கிறது. இது இனி உயிர் பெறாது என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். விரல் நுனிதான் எட்டுகிறது. மேல் வரிசைதான் எண்கள், இடமிருந்து வலம், ஒன்று, இரண்டு, மூன்று. மாலை அவள் வரும்வரை பூட்டில் அதே எண்தான். என் கை கம்பிக்கு வெளியேதான் இருக்கிறது, பூட்டு முழங்கைக்குப் பக்கத்தில் தொங்குகிறது, அசைந்தால் இடிக்கிறது. நான் அதைத் தொடவில்லை. ரப்பரைத் தடவி இரண்டைத் தேடி எடுத்தேன், அழுத்தினேன், பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து அழுந்தியது. என் விரல் அப்படித்தான். இவள் வந்து சரியாக அழுத்துவாள்.